ஒச்சப்பன் கேட்ட சுருட்டு

“பதினாலு வருஷம் ஆச்சும்மா. இன்னும் எத்தனை வருஷம் வைக்கணும்?”

சவரிமுத்து வாசலில் நின்றபடியே கேட்டார். மார்போடு அணைத்த கையில் ஒரு பெட்டி. பெட்டியைச் சுற்றி ஒரு பட்டுச் சேலை, சேலையைச் சுற்றி ஒரு துண்டு, துண்டைச் சுற்றிச் சணல் கயிறு.

உள்ளே இருந்தவள் தலையைத் தூக்கினாள். மூக்கை ஒருமுறை சுருக்கினாள்.

“பெட்டி வெளியில இருக்கட்டும் சார். நீங்க மட்டும் உள்ள வாங்க.”

“திறந்து பார்க்க வேணாமா?”

“பஸ்ல வந்த சுருட்டு களைச்சுப் போயிருக்கும். ரெண்டு நாள் ஆறட்டும். வியாழக்கிழமை திறக்கலாம்.”

சவரிமுத்துவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. பதினாலு வருடம் காத்தவருக்கு இரண்டு நாள் எம்மாத்திரம்? பெட்டியை வேப்பமரத்தடிக் கல்லில் வைத்தார். மழை வருமோ என்று வானத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

*

அது திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் சாலையில், ஒரு சுருட்டுக் கம்பெனியின் பின்கட்டு. சுருட்டி முடித்த சுருட்டுகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி, மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் பழுக்க வைக்கும் அறை. பக்குவ அறை என்பார்கள். அதற்குப் பொறுப்பு சலேத் மேரி. வயது முப்பத்தாறு.

தாடி வைத்த ஒரு பெரியவரைத்தான் சவரிமுத்து எதிர்பார்த்து வந்தார். அறுபத்து மூன்று வயதில், மூத்த மகளைவிட இளையவளிடம் கைகட்டிப் பாடம் கேட்க நேரும் என்று யார் கண்டது? சிக்னல் காட்டுகிறவனின் வயதைக் கேட்டுவிட்டா வண்டியை நிறுத்தினோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு எல்லாச் சமாதானமும் ரயிலில்தான் வரும்.

“ஒரு நாளைக்கு எத்தனை சுருட்டு பிடிப்பீங்க, டீச்சரம்மா?”

“நான் பிடிக்கிறதில்ல சார்.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே. நீங்க?”

“நானும் இல்லைம்மா. ஒரு தடவைகூட இல்லை.”

சலேத் சிரித்துவிட்டாள்.

“நல்ல ஜோடி சேர்ந்தோம். அப்ப அந்தப் பெட்டி யாருக்கு?”

சவரிமுத்து வாசல் வழியே வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

“ஒச்சப்பனுக்கு.”

*

ஒரு ஐப்பசி மாதம். விடிந்தும் விடியாத நேரம். சவரிமுத்து மதுரைக்குப் பாசஞ்சர் வண்டி ஓட்டிக்கொண்டு போனார். விடாமல் பெய்த மழையில் ஓர் ஓடைப் பாலத்தின் கரை கரைந்து, தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. வண்டியில் இருந்த ஐந்நூறு பேருக்கும் தெரியாது.

தெரிந்தவன் ஒருவன்தான். தண்டவாளத்தை நடந்தே பார்த்து வரும் கேங்மேன் ஒச்சப்பன். சிவப்புக் கொடியைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, மழைக்குள், வண்டி வரும் திசையிலேயே ஓடி வந்தான்.

வண்டி நின்றது. எஞ்சினுக்கும் பாலத்துக்கும் நடுவே பத்தடி.

சவரிமுத்து இறங்கிப் போய்ப் பார்த்தார். சரளைக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒச்சப்பனும் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கொடியைச் சுருட்டிக்கொண்டே அவர் கைகளைப் பார்த்தான்.

பிறகு ஒச்சப்பன் கேட்டான்.

“டிரைவரய்யா, ஒரு சுருட்டு இருக்குமா?”

பழக்கமே இல்லாதவர் சுருட்டுக்கு எங்கே போவார்?

“அடுத்த தடவை பார்க்கும்போது தர்றேன் ஒச்சப்பா.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சிலுவை போடும்போது, ஒச்சப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லாமல் சவரிமுத்து ஒரு பிடி சோறு தின்றதில்லை. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார். ஐந்து பேரப் பிள்ளைகளைத் தூக்கினார். எல்லாம் அந்தப் பத்தடியில் கிடைத்தது என்று அவருக்குத் தெரியும்.

“அப்புறம் நீங்க அவரைப் பார்க்கவே இல்லையா சார்?” என்று சலேத் கேட்டாள்.

“பார்க்காம? வாரத்துல ரெண்டு தடவை அந்த வழியாத்தானே போவேன். தண்டவாளத்து ஓரம் நிப்பான். நான் ஹாரன் அடிப்பேன். அவன் கையைத் தூக்குவான்.”

“ஒரு சுருட்டை வாங்கித் தூக்கிப் போட்டிருக்கலாமே?”

“பெட்டிக்கடைச் சுருட்டையா?” சவரிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஐநூறு உசுருக்கா?”

அதனால் திருச்சியிலேயே பெரிய கடைக்குப் போய், இருப்பதில் உயர்ந்த பெட்டியாக வாங்கினார். இருபத்தைந்து சுருட்டு. தேவதாரு மரப்பெட்டி. கடைக்காரர் பில் போடும்போது வாய் சும்மா இராமல் ஒரு வார்த்தை சொன்னார். வருஷம் ஏற ஏற இதுக்கு ருசி ஏறும் சார்.

அதோடு போயிற்று. ஐந்தாம் வருடம் எடுக்கப் போனபோது, ஏழு வருடம் வைத்தால் அமிர்தம் என்று ஒருவர் சொன்னார். ஏழாம் வருடம், பத்து வருடம் என்று பேப்பரில் போட்டிருந்தது. பத்தாம் வருடம் கார்டு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வந்து, சுருட்டு மட்டும் பழுத்து என்ன புண்ணியம், சரியான பானத்தோடு கொடுக்காவிட்டால் பாதி ருசி வீண் என்று குண்டைத் தூக்கிப் போட்டார். சவரிமுத்துவுக்குப் பானமும் தெரியாது. காப்பியைத் தாண்டி எதையும் வாயில் வைத்தவர் இல்லை.

“இப்ப ஒச்சப்பன் பம்பாய்க்குப் போறான்மா. மக வீட்டோட இருக்க. வெள்ளிக்கிழமை வண்டி. இனிமே இந்தப் பக்கம் வர மாட்டான். அதுக்குள்ள இது பழுத்திருக்கணும். எதோட குடுக்கணும்னும் எனக்குத் தெரியணும்.”

பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தார். முதல் பக்கத்தில் சிலுவை போட்டு வைத்திருந்தார்.

“சொல்லிக் குடுங்க டீச்சரம்மா.”

“நோட்டு வேணாம் சார்,” என்றாள் சலேத். “மூக்கு போதும்.”

*

பக்குவ அறைக்குள் வெளிச்சம் இல்லை. சன்னல்களில் நனைத்த சாக்குத் தொங்கியது. மர அடுக்குகளில் ஆயிரக்கணக்கான சுருட்டுகள் படுத்திருந்தன.

“என்ன வாசம் வருது?”

சவரிமுத்து மூச்சை இழுத்தார்.

“ஒண்ணும் தெரியலையேம்மா.”

“சட்டையை மாத்திக்கிட்டு வாங்க. உங்க சட்டை ரொம்பச் சத்தம் போடுது.”

ஒரு காக்கிச் சட்டையைக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு வந்தார். சலேத் ஒரு கட்டை அவிழ்த்து அவர் முகத்தருகே நீட்டினாள்.

கண்ணில் நீர் வந்துவிட்டது.

“மாட்டுக் கொட்டகைம்மா!”

“ரெண்டு வாரக் கட்டு. பச்சை. இலையில இருக்கிற காட்டம் போக இன்னும் மூணு மாசம் ஆகும்.”

அடுத்த கட்டு. சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

“கருப்பட்டிப் பானையைத் திறந்த மாதிரி இருக்கு.”

“ஒரு வருஷம்.”

அதற்கடுத்த கட்டு. அவர் அதைக் கையில் வாங்கி மூக்கோடு வைத்துக்கொண்டார்.

“தேக்கு மரம். ஏலக்காய். அப்புறம்... கோயில் பீரோவுக்குள்ள ஒரு வாசம் வருமே, பாதிரியார் அங்கி வைக்கிற பீரோ...”

“அஞ்சு வருஷம். உங்களுக்கு நல்ல மூக்கு சார்.”

சவரிமுத்துவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அஞ்சுக்கே இப்படியென்றால் பதினாலுக்கு எப்படி இருக்கும்! வெளியே கல்லின்மேல் இருக்கும் பெட்டியை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

சலேத் மேலடுக்கிலிருந்து ஒரு கட்டை இரண்டு கையாலும் இறக்கினாள். என்ன அழகு! எண்ணெய் தடவியது போல ஒவ்வொன்றும் மினுமினுத்தது. சவரிமுத்து ஆசையோடு குனிந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

“ஒண்ணும் வரலையேம்மா. காகித வாசம்தான் வருது.”

“இருபத்திரெண்டு வருஷம்.”

“ரொம்பப் பழுத்ததா?”

“போயிடுச்சு சார்.”

“எங்க போச்சு?”

சலேத் கையை விரித்தாள்.

“எப்பம்மா போச்சு?”

“தெரியலை. ஒருத்தரும் திறந்து பார்க்கலை.”

“அப்ப இதை எதுக்கு வெச்சிருக்கீங்க?”

“வைக்க வைக்க நல்லதுன்னு சொல்லிக்கிட்டு வர்றவங்களுக்குக் காட்ட.”

அன்று மாலை லாட்ஜுக்குத் திரும்பும்போது, சவரிமுத்து வேப்பமரத்தடிப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போனார்.

*

மறுநாள் மேசைமேல் ஐந்து டம்ளர்கள் இருந்தன. தண்ணீர், பால் விடாத தேத்தண்ணி, கருப்பட்டி போட்ட கடுங்காப்பி, ரம், பிராந்தி. மேசைக்கு அந்தப் பக்கம் வேலம்மா உட்கார்ந்திருந்தாள். கம்பெனியிலேயே பழைய கை. சுருட்டு நன்றாக எரிகிறதா, புகை எப்படி வருகிறது என்று பிடித்துப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அந்த வேலையை அவள் குறைவைத்ததே இல்லை.

“வேலம்மா பிடிப்பாங்க,” என்றாள் சலேத். “எதுக்கு எது துணைன்னு நீங்க எடுத்துக் குடுங்க சார்.”

வேலம்மா ஒரு இளஞ்சுருட்டைப் பற்றவைத்தாள். சவரிமுத்து யோசித்து, பிராந்தியை நீட்டினார்.

வேலம்மா குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

ஒரு வருடச் சுருட்டு. சவரிமுத்து பிராந்தியை நீட்டினார்.

ஐந்து வருடச் சுருட்டு. பிராந்தி.

“ஏன் சார்,” என்றாள் வேலம்மா, “ஒங்க வீட்டுக் கல்யாணத்துல சோத்துக்கும் பாயசம், ரசத்துக்கும் பாயசமா?”

“இருக்கிறதுல ஒசத்தி அதுதானேம்மா?”

“ஒசத்தின்னு யார் சொன்னா? பிராந்தி சொல்லுச்சா?”

சலேத் டம்ளர்களைத் திரும்ப வரிசையாக வைத்தாள்.

“துணை சுருட்டை மூடக் கூடாது சார். சுருட்டும் துணையை மூடக் கூடாது. பக்கத்துல பக்கத்துல உட்காரணும். அவ்வளவுதான்.”

இளஞ்சுருட்டுக்குத் தேத்தண்ணி வைத்தாள். வேலம்மா தலையாட்டினாள். ஒரு வருடத்துக்குக் கருப்பட்டிக் காப்பி. ஆட்டியது போதாதென்று வேலம்மா கண்ணையும் மூடிக்கொண்டாள். ஐந்து வருடத்துக்கு ரம், அதுவும் ஒரு மிடறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன்னால் ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளிக்கத் தண்ணீர்.

“புதுசாப் பழகறவங்களுக்கு எதும்மா?”

“தண்ணி.”

“வெறும் தண்ணியா?”

“பிராந்தி வெச்சா பிராந்தி தெரியும். தண்ணி வெச்சாத்தான் சுருட்டு தெரியும்.”

சவரிமுத்து மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை முயன்றார். நான்கு தடவை தப்பு. ஐந்தாவது தடவை வேலம்மா டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.

“இது சரி,” என்றாள். “சார் தேறிட்டாரு.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் இரண்டு பெண்கள் தனக்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்களே என்று இருந்தது. என்ன கைம்மாறு செய்வேன் என்று வாய்விட்டே சொன்னார்.

“அதெல்லாம் இருக்கட்டும்,” என்றாள் சலேத். “ஒச்சப்பனுக்கு எது வைக்கலாம்? நீங்களே சொல்லுங்க. அவருக்கு என்ன பிடிக்கும்? காப்பியா, டீயா?”

சவரிமுத்து டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“தெரியலையேம்மா.”

“குடிக்கிற பழக்கம் உண்டா?”

“தெரியலை.”

“பிள்ளைங்க எத்தனை?”

“பம்பாய்ல ஒரு மக. அதுவும் போன மாசம் ஒரு பாயிண்ட்ஸ்மேன் சொல்லித்தான் தெரியும்.”

“அவர் வீட்டுக்குப் போயிருக்கீங்களா சார்?”

சவரிமுத்து தரையைப் பார்த்தார்.

“ஹாரன் அடிச்சிருக்கேன்.”

வேலம்மா எழுந்து போய் அடுப்பில் இருந்த கருப்பட்டிக் காப்பியை ஒரு டம்ளர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்தார். அன்று அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

*

வியாழக்கிழமை மத்தியானம் சலேத் தானே போய்ப் பெட்டியை எடுத்து வந்து, வாசல் மேசையில் வைத்தாள். வேலம்மாவும் வந்து நின்றாள். சவரிமுத்து கயிற்றை அவிழ்த்தார். துண்டை எடுத்தார். சேலையைப் பிரித்தார். மூடியின்மேல் அவருடைய கையெழுத்தில், வாங்கிய நாளின் தேதி இருந்தது.

சலேத் அடுக்கிலிருந்த ஒரு கட்டை எடுத்து அவருக்குக் காட்டினாள். அதன் சீட்டில் இரண்டு தேதிகள்.

“மேல இருக்கிறது வெச்ச தேதி. கீழ இருக்கிறது எடுக்கிற தேதி. ரெண்டையும் ஒரே நாள்ல எழுதிடுவோம். எடுக்கிற தேதி எழுதாம இப்பல்லாம் ஒரு கட்டும் உள்ள போகாது.”

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

சவரிமுத்து பென்சிலை வாங்கினார். மூடியைப் பார்த்தார். கை பெட்டியின்மேல் அப்படியே நின்றது. அவர் முதல் தடவை எஞ்சினை எடுத்தபோதுகூட இவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

பழைய தேதிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினார்.

மூடியைத் திறந்தார்.

திறந்த வேகத்தில் மூன்று பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

இருபத்தைந்து சுருட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு பொத்தல் இல்லை. ஒரு கீறல் இல்லை. அவற்றின் நடுவே, வெள்ளை வெளேரென்று, ஏழெட்டுப் பாச்சை உருண்டைகள் கிடந்தன. பழைய உருண்டைகள் தேய்ந்து மிளகு அளவில் இருந்தன. போன மாதம் மூடியை ஒரு விரற்கடை தூக்கி, எட்டிப் பார்க்காமல் உள்ளே உருட்டிவிட்டவை மட்டும் முழுசாக இருந்தன.

“புகையிலையில வண்டு வரும்னு சொன்னாங்கம்மா,” என்றார் சவரிமுத்து. “பட்டுச் சேலைக்குப் போடறோமே, அதுக்கே வண்டு வராதேன்னு... வருஷா வருஷம் மறக்காமப் போட்டேன்.”

“வண்டு வரலை சார்,” என்றாள் சலேத். “அதுல குறையே இல்ல.”

வேலம்மாவுக்கு எதையும் பற்றவைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒன்றை எடுத்துப் பற்றவைத்தாள். ஒரே இழுப்பு. இருமி இருமி, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஆத்தாடி! பீரோவையே கொளுத்தி வாயில வெச்ச மாதிரில்ல இருக்கு!”

சலேத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. வேலம்மாவுக்கும்தான். சவரிமுத்துவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியாது.

“உங்களுக்கு எப்பம்மா தெரியும்?”

“நீங்க வாசல்ல நின்னப்பவே.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!”

“பதினாலு வருஷமா நீங்க திறக்காத பெட்டியை நான் எப்படி சார் திறக்கிறது?”

சவரிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்கு ஒரு துணையும் கிடையாதா?”

“இருக்கே. தண்ணி.” சலேத் பெட்டியை எடுத்து, வாசலில் இருந்த வாளித் தண்ணீரில் அப்படியே கவிழ்த்தாள். “நாளைக்குக் காலையில வரைக்கும் ஊறட்டும். வடிகட்டிப் பின்னாடி இருக்கிற கனகாம்பரத்துக்கு அடிச்சா ஒரு புழு தங்காது.”

இருபத்தைந்து சுருட்டும் தண்ணீரில் மிதந்தன. சவரிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் அழுகை வரும் என்று நினைத்தார். தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கியது போலத்தான் இருந்தது. உடனே பயமும் வந்தது.

“நாளைக்கு அவன் போயிடுவானேம்மா. நான் வெறுங்கையோடவா போறது? அந்த அஞ்சு வருஷக் கட்டுல ஒண்ணே ஒண்ணு குடுங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்.”

“ஐயோ, எழுந்திருங்க சார்.” சலேத் பதறி அவர் கையைப் பிடித்தாள். “அந்தக் கட்டுக்குத் தேதி சித்திரையில. சோதனைக்கு எடுக்கலாம்; வெளிய குடுக்க அதுக்கு முன்னாடி எனக்கே உரிமை இல்ல.”

அப்போது மூன்று மணிச் சங்கு ஊதியது. காலை ஷிப்டு முடிந்தது. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து போகும்போது ஆளுக்கு இரண்டு சுருட்டு கையில் கொடுப்பார்கள். பங்குச் சுருட்டு என்று பெயர். பிடிக்கிறவர்களுக்கும் கொடுப்பார்கள், பிடிக்காதவர்களுக்கும் கொடுப்பார்கள். சலேத் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தன் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. கேட்டில் யார் நிற்கிறார்களோ அவர்கள் கையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். வாட்ச்மேன், லாரிக்காரர், வழிப்போக்கர், யாராக இருந்தாலும் சரி.

அன்றைய பங்கு வந்தது. ஒன்றை வேலம்மாவிடம் கொடுத்தாள். மற்றதைச் சவரிமுத்துவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“இது எத்தனை வருஷம்மா?”

“நேத்து சுருட்டினது.”

“பச்சையாச்சே! கண்ணு எரியுமே!”

“எரியும்.”

“இதை எதோட குடுக்கிறது?”

“மூணே கால் பஸ்ஸோட,” என்றாள் சலேத். “ஓடுங்க சார்.”

சவரிமுத்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். முப்பத்தாறு வயதுப் பெண்ணை அறுபத்து மூன்று வயது மனிதர் கும்பிடுவதைப் பார்த்து ஷிப்டு முடிந்து போன பெண்கள் நின்றார்கள். அவருக்கு வெட்கமாகவே இல்லை.

பட்டுச் சேலையை மடித்து அவர் தோளில் போட்டாள் சலேத்.

“இதைத் துவைச்சு வெயில்ல காயப் போடுங்க. உங்க வீட்டம்மா கட்டட்டும்.”

*

ஒச்சப்பன் வீடு அம்பாத்துரைக்குப் பக்கத்தில், தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. வாசலில் கட்டிவைத்த தகரப் பெட்டி, சுருட்டிய பாய், ஒரு குடம். சாயங்கால வெயிலில் ஒச்சப்பன் கட்டிலில் உட்கார்ந்து மூட்டைக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். தலை முழுக்க நரை.

“டிரைவரய்யா!”

எழுந்த வேகத்தில் கயிறு காலில் சுற்றிக்கொண்டது.

“வாங்கய்யா, வாங்க. எஞ்சின் இல்லாம இப்பத்தேன் ஒங்களக் கீழ பாக்குறேன். ஒக்காருங்க.”

சவரிமுத்து உட்காரவில்லை. கையை நீட்டினார்.

“இந்தா ஒச்சப்பா.”

“என்னங்கய்யா இது?”

“அன்னைக்குக் கேட்டியே. ஒரு சுருட்டு.”

ஒச்சப்பன் சுருட்டைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது.

சவரிமுத்து எல்லாவற்றையும் சொன்னார். பெட்டியை, பீரோவை, பட்டுச் சேலையை, பாச்சை உருண்டையை. ஒச்சப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சவரிமுத்து சிரிக்கவில்லை.

“என் பிள்ளைங்க அப்பான்னு கூப்பிட ஆள் இருக்குன்னா அது உன்னாலடா. தினம் சாப்பிடறப்ப உன் பேரைச் சொல்றேன். கர்த்தருக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. உன் முகத்துக்கு நேரா ஒரு தடவை சொன்னதில்லை. நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் குடுக்கலை.” இரண்டு கையையும் கூப்பினார். “நீ செஞ்சதுக்கு நன்றி ஒச்சப்பா. என்னை மன்னிச்சுக்க.”

ஒச்சப்பன் அவர் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தான்.

“என்னங்கய்யா பெரிய வார்த்தையெல்லாம். நான் பிடிக்கிறதை விட்டு ஒம்போது வருசமாச்சு. டாக்டரு வேணாம்னுட்டாரு.”

சவரிமுத்து விரல் விட்டு எண்ணினார். ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமும் பெட்டிக்குள் உருண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு கடுதாசி போட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். சுருட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

ஒச்சப்பன் கொடுக்கவில்லை. உள்ளே போனான். அரிவாள்மணையில் எதையோ நறுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு டம்ளர் தண்ணீரோடு வந்தான். சுருட்டு சரிபாதியாக இரண்டு துண்டாகியிருந்தது. ஒன்றை நீட்டினான்.

“எனக்குப் பழக்கமில்லை ஒச்சப்பா. நீயும் விட்டுட்டே. அப்புறம் எதுக்கு?”

ஒச்சப்பன் தீக்குச்சியைக் கிழித்து, காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, அவர் பக்கம் குனிந்தான்.

“அன்னைக்கு எனக்குன்னா கேட்டேன்? ஒங்க கையி அந்த ஆட்டம் ஆடுச்சுங்கய்யா. ஆளுக்குப் பாதி இழுத்தா நின்டுரும்னுதேன் கேட்டேன்.”